பின்னால் வருகிறாள்

எச்ஐவி மருந்து தரும் மையத்தில் பால்வினை நோய்ப் பரிசோதனைக்குக் கணவன் மனைவி இருவருக்கும் ஒன்றாகவே ரத்தம் எடுப்பார்கள். இந்த முறை மாதேஷ் தனியாக வந்திருந்தான். மனைவியை இண்டூரில் புதைத்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கே சொல்லிவிட்டால் அவள் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவாள் என்று வாயைத் திறக்கவில்லை.

"எங்கங்க, யுவராணி வரலையா?" ரத்தம் எடுத்தபடி நர்ஸ் பானுமதி கேட்டாள்.

"பின்னால வருதுங்க சிஸ்டர்."

"ஊசின்னா ஓடி ஒளியற ஆளாச்சே! இழுத்துட்டு வாங்க."

அவன் வெளியே போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பினான்.

பானுமதி சிரித்தாள். "பரவால்லைங்க, இந்தத் தடவை கண்ணைக்கூட மூடல. கையை நீட்டிக் குடுத்துட்டு இப்பத்தான் போச்சு."

மேசையில் அவனுடைய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டையும் தொட்டுப் பார்த்தான். அவனுடையது ஆறியிருந்தது. மற்றது வெதுவெதுப்பாக இருந்தது.