முதுகுப் பள்ளம்

எங்கள் ரேஸ் கார் எல்லாப் பந்தயத்திலும் கடைசியாகத்தான் வந்தது.

"சீட் எனக்கு லூசா கீதுண்ணா. வளைவுல ஒடம்பு வழுக்குது," என்றேன், அதை ஓட்டுகிற நான்.

"சீட்ல மட்டும் கை வெக்காத," என்றார், ஒரகடம் ஷெட்டில் அந்தக் காரைத் தன் கையால் கட்டிய டில்லிபாபு.

வீண் பிடிவாதம். அடுத்த பந்தயத்துக்கு முந்தின இரவு, டிராக்கில் அவர் இல்லாத நேரத்தில் சீட்டின் பழைய ஃபோமை வெட்டி எறிந்தேன். நானே உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் புது ஃபோம் கரைசலை ஊற்றி, என் முதுகு அச்சாகப் பதியும்படி இறுகவிட்டேன்.

மறுநாள் மூன்றாவதாக வந்தோம். டில்லிபாபு சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பழசு எங்கப்பா?"

"குப்பை வண்டில போட்டுட்டேண்ணா."

அவர் டயர் மேல் உட்கார்ந்தார்.

"எம் புள்ளைய உக்கார வெச்சு ஊத்துனதுப்பா அது. அவன் செத்து ரெண்டு வருசம் ஆவுது. அவங்கம்மா டெய்லி காலைல ஷெட்டுக்கு வந்து அவன் முதுகுப் பள்ளத்தைத் தடவிப் பாத்துட்டுப் போவா. நாளைக்கும் வருவா."