நெரெய்தா நறுக்கியது

யோஸ்வானியின் வண்டிக்கு அடியில் கிடந்த தீனிச் சாக்கில் கையை விட்டதுமே அர்செனியோவுக்குத் தெரிந்துவிட்டது. இது நெரெய்தா நறுக்கியது.

அவனாகப் போய்க் கையை விடவில்லை. இரண்டு வாரமாகச் சரியாகத் தின்னாத அவனுடைய பெண்குதிரை லுசேரா, அந்தச் சாக்கைப் பார்த்துக் கழுத்தை நீட்டி நீட்டிக் கனைத்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று குனிந்தான்.

பயாமோ நகரில் குதிரைவண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தீனி வீட்டில்தான் தயாராகும். கரும்புத் தோகை, புல், நாலைந்து கரும்புத் துண்டு, மேலே தெளிக்கக் கொஞ்சம் பாகு. வெட்டுக்கத்தியால் கொத்திச் சாக்கில் அடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

நெரெய்தா தோகையின் நடுநரம்பைக் கிழித்து எறிவாள். ஈறில் குத்துமாம். கரும்பைத் தோல் சீவுவாள். ஒவ்வொரு துண்டும் இரண்டு விரற்கடை நீளம், எல்லாம் ஒரே சாய்வு, விருந்துக்குக் காய் நறுக்கியதுபோல.

பதினோரு வருடம் அந்தக் கத்திச் சத்தத்தில்தான் அவன் கண் விழித்தான். அவள் தலைமுடியில் ஒட்டியிருக்கும் புல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான்.

இப்போது வேறொரு விரல் எடுக்கிறது.

"என்ன அர்செனியோ, அடுத்தவன் சாக்குல கைய விட்டுட்டு நிக்கிற? மத்தியானச் சாப்பாடு அதானா?" என்று எவனோ கத்தினான். வண்டி நிறுத்தமே சிரித்தது.

யோஸ்வானி வாளியோடு வந்தான். அர்செனியோவைவிடப் பத்து வயது இளையவன். தலை நிறைய முடி. அர்செனியோ அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். வாளித் தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"என் குதிரை எலும்பும் தோலுமா நிக்குது. உன் குதிரைக்கு மட்டும் விருந்தாடா?"

யோஸ்வானி கையைத் தட்டிவிடவில்லை.

"அது லுசேராவுக்குத்தாண்ணே. முந்தாநேத்து ஆஸ்பத்திரி வாசல்ல அவ பாத்திருக்கா. விலா எலும்பு தெரியுதுன்னு விடிய விடியப் புலம்பல். இத எப்படி உங்ககிட்ட குடுக்கறதுன்னு தெரியாம காலைலருந்து முழிச்சிட்டிருக்கேன்."

அர்செனியோவின் பிடி தளர்ந்தது. அவள் இவன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போகிற அன்று லுசேராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

யோஸ்வானி சாக்கை எடுத்து லுசேராவின் முன்னால் வாய் பிரித்து வைத்தான். அது கண்ணை மூடிக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. குதிரைமேல்கூடப் பொறாமை வரும் என்று அர்செனியோ நினைத்ததே இல்லை.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்லண்ணே."

வண்டியில் பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெண், "கிளம்புறீங்களா இல்லையா? கிரீம் உருகுது!" என்று சத்தம் போட்டாள். இருவரும் திரும்பவில்லை.

யோஸ்வானி தன் சாம்பல் குதிரையிடம் போய், அதன் மூக்கில் கட்டியிருந்த தீனிப் பையை அவிழ்த்துக் கொண்டுவந்து காட்டினான். முழ நீளத்தில் தோகைகள். பாதி நசுங்கியவை. நரம்பும் தோலும் அப்படியே.

"இது நான் கொத்துனது. ரெண்டு வருஷமா நான்தான். ஒரு நாளாவது இவனுக்கும் நறுக்கிக் குடுடின்னு கெஞ்சிப் பாத்துட்டேன். கை வலிக்குதுன்னுடுவா."

பிறகு லுசேரா தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பார்வையை அர்செனியோவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறான்.