மதகில் கை வைத்தவன்

விடிந்தும் விடியாத வேளை. ஏசுதாஸ் மதகுக் குழியிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்ததைச் சொக்கம்மாள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

அவன் துண்டைப் பிழிந்தான். "ஒழுகுதும்மா. அடைச்சேன்."

"யாருகிட்ட கதை வுடறே?"

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. நேராக முத்துவேல் வீட்டுக்கு நடந்தாள். ஏரிப் பாசனத்துக்கு அவர்தான் தலைவர்.

விஷயம் சின்னதில்லை. இந்த வருஷம் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவன் ஏசுதாஸ். காலனிக்காரன் ஒருத்தன் ஏலத்தில் நின்று எடுத்ததே இதுதான் முதல் தடவை. ஊரில் பாதிப் பேருக்கு அது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஏலத்தன்றே கண்டிஷனாகச் சொல்லியிருந்தார்கள். மீன் உன்னுது, தண்ணி எங்களுது. மதகில் கை வைத்தால் குத்தகை ரத்து, கட்டின பணமும் போச்சு.

சொக்கம்மாளுக்கோ அந்தத் தண்ணீர்தான் உயிர். ஐப்பசியில் புருஷன் போய்விட்டான். காரியமெல்லாம் முடித்து அவள் நாற்று நடும்போது மற்றவர்கள் களையே எடுத்துவிட்டார்கள். இப்போது மாசி. ஊரே அறுத்து மூட்டை கட்டியாயிற்று. கடைசி மடையில் அவள் பயிர் மட்டும் பால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அறுக்கிற வரைக்கும் ஈரம் இருந்தால் நெல். காய்ந்தால் பதர்.

ஏரித் தண்ணீரோ மளமளவென்று இறங்கியது. மதகுக் கல்லில் ஈரக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் வேலை என்று தனியாகக் கேட்க வேண்டுமா? பங்குனியோடு குத்தகை முடிகிறது. தண்ணீர் வற்றினால் விராலையும் கெண்டையையும் கையாலேயே வாரிக்கொண்டு போகலாம். போதாததற்கு, கொஞ்ச நாளாக அவன் வலையே வீசவில்லை.

"ஏன் ஏரியில எறங்கல?" என்று போன வாரம் கேட்டதற்கு, "வலை இல்லம்மா" என்றான்.

பொங்கல் கழித்து வாங்கிய புது வலை. அன்றைக்குக் காலனியே கூடி நின்று அதற்கு ஜெபம் பண்ணியது. அந்த வலை இல்லையாம்.

வெயில் ஏறுவதற்குள் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏம்பா ஏசுதாஸ், மதகுல கை வச்சியா?" என்று கேட்டார் முத்துவேல்.

"வச்சேன்."

"தொறந்தியா?"

"இல்லிங்க. பலகை அடியில உளுத்துப்போயி ஓட்டை கீது. அது வழியா தண்ணி போயிக்கினே இருந்திச்சி. அடைச்சேன். தெனம் விடியக்காலையில களிமண்ணு வச்சிப் பூசறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "தண்ணி வத்துனா உனக்குத்தான் லாபம். அத நீயே அடைச்சியா? நல்லா கீதே."

"ஒழுகுதுன்னா எங்கிட்ட வந்து சொல்றதுதானே?" என்றார் முத்துவேல்.

"சொன்னேன் தலைவரே. அறுப்புதான் முடிஞ்சி போச்சே, மெதுவா பாக்கலாம்னீங்க."

முத்துவேல் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இவன்கிட்ட இன்னா மாமா பேச்சு? என் வயிறு எரியுது. குத்தகைய ரத்து பண்ணுங்க. தினகரா, நீ எறங்கிப் பாரு."

கொழுந்தன் தினகரன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மதகில் இறங்கினான். ஏசுதாஸ் முகம் மாறியது.

"பாத்துங்க. கைக்கு எது பட்டாலும் இழுத்துடாதீங்க."

"கேட்டீங்களா? உள்ள எதையோ ஒளிச்சி வச்சிகீறான்" என்றாள் சொக்கம்மாள். "இழு தினகரா."

தினகரன் மூழ்கினான். கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம், காய்ந்து கிடந்த கால்வாயில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிற சத்தம் கேட்டது. அறுப்பு வரைக்கும் வர வேண்டிய சொக்கம்மாளின் தண்ணீர் வீணாகப் போகிறது.

ஏசுதாஸ் யாரையும் கேட்கவில்லை. குதித்தான். உள்ளே என்ன செய்தானோ, சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

தினகரன் மேலே வந்து மூச்சு வாங்கினான். "அண்ணி, உள்ள வலைதான் கீது. புது வலை. வைக்கோலும் களிமண்ணும் வச்சி சுருட்டி, அத்த ஓட்டையில திணிச்சி வச்சிகீறான்."

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஏசுதாஸ் சொன்னான். "மொதல்ல சாக்குதாம்மா வச்சேன். அடிச்சிக்கினு போயிடிச்சி. வலைதான் நின்னுது."

சொக்கம்மாள் மதகுக் கல்லைப் பார்த்தாள். போன வாரம் இருந்த இடத்திலேயே ஈரக் கோடு நின்றது. தினமும்தான் பார்த்தாள். பயத்தில் அது மனசில் ஏறவில்லை.

"உனக்கு இன்னாத்துக்கு ஏசுதாஸ் இது?" என்று கேட்டாள்.

"என் பொஞ்சாதி பரிமளா நட்ட பயிரும்மா அது. நட்டுட்டு வந்து முதுகு புடிச்சிக்கினு படுத்தா. அது காயறத பாத்துக்கினு மீன் வார மனசு வரல."

முத்துவேல் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "போதும்பா. மணல் மூட்டை எறக்கி ஊரே அடைச்சிக்கும். பங்குனிக்கு இன்னும் நாள் கீது. நீ உன் வலைய எடுத்துக்கினு போயி மீனப் புடி."

ஏசுதாஸ் சொக்கம்மாளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வலை இல்லன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. முழுசா உள்ள போகல. துண்டு துண்டா அறுத்துத்தான் அடைச்சேன்."