அடங்காத கட்டை விரல்

ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்பே, பையன் என்ன போன் வைத்திருக்கிறான் என்று கேட்கிற காலம் அது. ஸ்மார்ட்போன்காரனுக்குப் பெண் கொடுக்க ஈரோட்டில் ஒருவரும் தயாராக இல்லை.

"எங்க சிபி மூணு வருசமா பட்டன் போன்தானுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. சிபி அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியதும் கூடமே பூரித்துப்போனது.

மணப்பெண் தாரகை போனைப் பார்க்கவில்லை. அவன் தொடைமேல் கிடந்த வலது கையைப் பார்த்தாள். கட்டை விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேட்டியைக் கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

"பட்டன் போனுக்கு எப்ப மாறினீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "நேத்துத்தானுங்க. அம்மாதான் அப்படிச் சொல்லிட்டாங்க. நாங்க கிளம்பிக்கறோமுங்க."

மழுப்பாமல் ஒத்துக்கொண்டதில் அவளுக்குத் திருப்தி. "இருங்க, எங்க கிளம்பறீங்க?" என்று அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். விரல் இரண்டு தரம் துள்ளிப் பார்த்துவிட்டு அடங்கியது.

"உங்களுக்குச் சீக்கிரமே பழகிரும்" என்றாள். "எனக்குத்தான், இப்படிக் கையைப் பிடிச்சுக்க ஆளில்லாம, விரல் அடங்க ஒரு வருசம் ஆச்சு."