மலை ஏறாத வண்டி

"அது ஏறாதுங்க மாமா. ஏழு வருஷம் ஓட்டினவன் சொல்றேன், கேளுங்க."

விஜயன் மாமனாரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஆரனை அமுக்கினான்.

திருத்தணி மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. எதிரில் இறங்கும் வண்டிகள் இருந்ததால் முந்தவும் வழியில்லை. விஜயனுக்கு முன்னால் மொட்டை போட்ட கூட்டத்தோடு ஒரு வேன். அதற்கும் முன்னால், எல்லாரையும் மறித்துக்கொண்டு, ஒரு சின்ன கார். வளைவில் அதன் பின்பாதி மட்டும் தெரிந்தது.

பின்பாதி போதாதா? அவன் பழைய காரேதான். போன மாதம்தான் பக்கத்து வீட்டு ஜோசப்பிடம் தள்ளிவிட்டிருந்தான்.

"ஏசி போட்டா இழுக்காது. நாலு பேரு உட்கார்ந்தா மூச்சு வாங்கும். அது வண்டியா? தகர டப்பா!"

அந்தத் தகர டப்பாவில்தான் மனைவி துர்காவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனான். அதையெல்லாம் புது வண்டி வந்த பிறகு யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

"பேச்ச உடுங்க. ராகு காலம் வந்துடுச்சின்னா குருக்கள் பூசை போட மாட்டாரு" என்றாள் துர்கா. டயருக்கு அடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழங்கள் அவள் மடியில் இருந்தன. வீட்டில் கார் வாங்கினால் மலையில் பூசை போடாமல் ஊருக்குள் ஓட்டுவதில்லை.

மச்சான் ராஜீவ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "பாவா, அந்த வண்டி பின்னால அப்படியே குந்திக்கிச்சி பாருங்க. இன்னாத்த ஏத்திக்கினு போறாரு அவரு?"

"அதான் எனக்கும் புரியல. ஞாயித்துக்கெழமையானா சர்ச்சுக்குப் போறவனுக்கு முருகன் மலையில இன்னா வேலை?"

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். குலுங்காமல் என்ன செய்யும்? ஏழு பேர் உட்காரும் வண்டியில் மாமனார், மாமியார், மச்சான், மச்சான் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று அடைந்து கிடந்தார்கள்.

காலையில் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றிருந்தாள். "எடம் இல்லம்மா. இன்னொரு நாளு உன்னைத் தனியா கூட்டினு போறேன்" என்று சொல்லியிருந்தான் விஜயன்.

"ஆங், நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவளும் உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு மாமனார் ஊருக்குப் போய் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பழைய காரில் பின் சீட்டின் நடுவில், முட்டி இடிக்க, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பெரிய வண்டியில் அந்தக் கஷ்டம் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

"அய்ய! கீழ பாருங்க, ரோடெல்லாம் தண்ணி" என்றாள் துர்கா.

விஜயன் எட்டிப் பார்த்தான். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்க வேண்டிய தார் ரோடு ஓரமாக நனைந்திருந்தது.

"நான் சொல்லல? ரேடியேட்டர் புட்டுக்கிச்சி! அந்த வண்டிக்கு அதான் வியாதி."

"தெரிஞ்சேதான் அவரு தலையில கட்டினீங்களா பாவா?"

"வாங்குறவன் பார்த்து வாங்கணும்." விஜயன் கண்ணடித்தான். பிறகு கையை எடுக்காமல் ஆரனை அமுக்கினான். அதைக் கேட்டுப் பின்னாலிருந்த வண்டிகளும் அலறின. சின்ன கார் அதே வேகத்தில் ஊர்ந்தது.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"நீ வந்து ஸ்டியரிங்கைப் புடி ராஜீவு. நான் போயி அவனை நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

இறங்கி விறுவிறுவென்று நடந்தான். தார் செருப்பையும் மீறிச் சுட்டது. என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே வேனைத் தாண்டினான்.

சின்ன காரின் பின் சீட்டு முழுக்கத் தண்ணீர் கேன்கள். அம்மா உட்காரும் இடத்திலும் ஒரு கேன் இருந்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டு, சட்டை நனைய வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஜோசப். விஜயன் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

"கத்தாத விஜயா. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இழுக்குது. நான்தான் மெதுவா போறேன்."

முன்னால் கை காட்டினான்.

ஜோசப்பின் மனைவி ரெபேக்காள் பிளாஸ்டிக் குடத்தோடு குனிந்து குனிந்து ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். அந்த ஈரத்தில் கால் வைத்து, மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு, வெறுங்காலில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த நடையை விஜயனுக்குத் தெரியும். இடது முட்டியை மடக்காமல் வைக்கிற நடை.

"புது வண்டி நல்லபடியா வூட்டுக்கு வந்தா பால்குடம் எடுக்கறேன்னு வேண்டிக்கினாங்களாம்" என்றான் ஜோசப் மெதுவாக. "படி ஏற முட்டி உடாது, அதான் ரோட்டால. பாதி தூரம் ஏத்திக்கினு போறேன்னு சொன்னேன், கேக்கல. பின்னால வரவன் எவனாவது இடிச்சிடப் போறானேன்னு..."

அம்மாவை எட்டிப் பிடிக்க விஜயன் இரண்டடி எடுத்து வைத்தான்.

முன்னால் அவள் நின்றாள். தலையில் குடம் இருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ரோட்டின் ஓரத்துக்கு, ஈரம் இல்லாத தாருக்கு, ஒதுங்கி நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

"ஜோசப்பு நைனா! அப்பலருந்து ஒருத்தன் ஆரன் அடிச்சிக்கினே வந்தானே... யாரு பெத்த புள்ளயோ, இன்னா அவசரமோ. அவனுக்கு மொதல்ல வழி உடு."