பொத்தானைத் தூக்கிய காந்தம்

மரியதாசின் தையல்கடையில் கடை அடைக்கும் நேரம் வந்தால் முதலில் காந்தம் தரையைச் சுற்றி வரும். பிறகு துடைப்பம் வரும். காந்தத்தில் ஒட்டாததெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

அன்று பச்சைச் சட்டையின் கடைசிப் பொத்தான் கைதவறி மேசைக்கடியில் விழுந்து கிடந்தது. மற்ற நான்கும் சட்டையில் ஏறிவிட்டன. காந்தம் பக்கத்தில் வந்ததும் பொத்தான் கெஞ்சியது.

"அண்ணே, என்னையும் சேத்துக்கிட்டுப் போங்க."

"பிளாஸ்டிக்கா? நம்ம கூட்டத்துல சேரணும்னா உடம்புல இரும்பு வேணும் தம்பி."

கூடவே விழுந்திருந்த ஊசி மெல்லச் சொன்னது: "பயப்படாதே. உன்னைக் கட்டியிருக்கிற நூல் என் காதுலதான் கோத்திருக்கு."

காந்தம் ஊசியை இழுத்தது. ஊசிக்குப் பின்னால் நூலும், நூலின் முனையில் ஆடிக்கொண்டே பொத்தானும் மேலே வந்தன.

மறுநாள் காந்தம் கத்தரிக்கோலிடம் அளந்துகொண்டிருந்தது: "இப்பல்லாம் நான் பிளாஸ்டிக்கையே இழுத்துடறேன், தெரியுமா?"

சட்டையில் ஏறிக்கொண்டிருந்த பொத்தானுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்கதானே என்னை..."

"சொல்லிக்கட்டும் விடு," என்றது ஊசி, கடைசி முடிச்சை இறுக்கியபடி. "அந்தச் சந்தோஷத்துல இன்னிக்கு மேசைக்கடியில இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் தேடும்."