இரண்டு புடவைக்காரி

“ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு புடவை கட்டியிருக்காடி. புத்தி பிசகினவளா இருக்குமோ?” என்று நேற்று ரெஜினா கேட்டாள்.

“போடி, மடிப்பெல்லாம் ஊக்கு குத்தி நறுவிசா கட்டியிருக்கா. அவளைப் போயி பைத்தியங்கிற!” என்று அமுதவல்லி கோபித்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்துப் பெஞ்சில் இறந்துகிடந்தவள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய துணிமணிகளின் படங்களை வைத்துக்கொண்டு, அடையாளம் தெரியாத உடல்களுக்கு உறவினரைத் தேடித்தரும் தோழிகள் இருவரும் கைப்பேசியிலேயே ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு புடவை, இரண்டு ரவிக்கை. பை மட்டும் இல்லை.

புகுந்த வீட்டைவிட்டுப் பையோடு இறங்கினால் வாசலிலேயே மறித்துவிடுவார்கள் என்பது தனியாக வாழும் ரெஜினாவுக்கு எப்படித் தெரியும்? பால் வாங்கப் போகிறவளைப்போல வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். எந்த இரண்டைக் கட்டுவது என்று அமுதவல்லியே எத்தனையோ முறை பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இன்று ரெஜினா குதூகலமாக அழைத்தாள். “கண்டுபிடிச்சாச்சுடி! புருஷன் வீட்டுக்காரங்க படத்தைப் பாத்துட்டுக் கிளம்பிட்டாங்க. உடம்பை வாங்கி வீட்டுக்கே கொண்டுபோறாங்களாம்.”

கூடத்தில் மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அமுதவல்லி தன் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

“ரெஜினா, என்னை வந்து உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடி.”